சுவரில் எழுதிய சுழியம்: நியூ ஆர்லியன்ஸ் வெள்ளமும் வெளியூர் மீட்புக் குழுக்களும்

கத்ரீனா புயலில் அமெரிக்க அரசு செயல்பட்ட விதத்தைப் பற்றி, பிரான்சிஸ் டவுன்சென்ட் தலைமையில் தயாரான வெள்ளை மாளிகை அறிக்கை 2006 பிப்ரவரி 23 அன்று வெளிவந்தது. அது 17 பாடங்களையும் 125 பரிந்துரைகளையும் கொண்டது. வெள்ளத்தில் மூழ்கிய ஒரு நகரத்துக்கு வெளியூர்க் குழுக்களை அனுப்புவது பற்றி இன்று எழுதுகிறவர்கள், அதை ஏற்றாலும் மறுத்தாலும், அது வகுத்த சட்டகத்துக்குள் நின்றுதான் பேசுகிறார்கள். அந்தச் சட்டகமே பிழை என்பது என் கருத்து. அதைக் காட்டுவதற்கு நான் முதன்மையாக நம்பும் சான்று அரசு ஆவணம் எதுவுமில்லை. வீட்டுச் சுவர்களில் மீட்புக் குழுக்கள் தெளிப்பு வண்ணத்தால் வரைந்துவிட்டுப் போன பெருக்கல் குறிதான்.

முதலில் அறிக்கையின் வாசிப்பு. 2005 ஆகஸ்டு 29 அன்று புயல் கரையைக் கடந்தது. கால்வாய்க் கரைச் சுவர்கள் உடைந்து நகரத்தின் 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. கடலோரக் காவல்படை, தேசியக் காவல்படை, மாநில வனவிலங்கு மீன்வளத் துறை, ஃபெமா என்னும் நடுவண் பேரிடர் முகமையின் தேடல் குழுக்கள், தாமாகவே படகோட்டி வந்த மக்கள் என்று பலரும் ஒரே நேரத்தில் களத்தில் இறங்கினர். இவர்கள் தனித்தனியே இயங்கினர், ஒரே தலைமை இல்லை, ஆகவே சில இடங்களில் வேலை இரட்டித்தது, சில இடங்கள் விடுபட்டன என்கிறது அறிக்கை. இதற்கு மருந்தாக நாடு முழுவதற்குமான ஒருங்கிணைந்த கட்டளை அமைப்பைக் கேட்கிறது; மிகப் பெரிய பேரிடர்களில் பாதுகாப்புத் துறையே முன்னின்று நடத்தும் நிலைக்கும் திட்டமிடச் சொல்கிறது.

இந்த வாசிப்பு அறிக்கையில் பிறந்ததன்று. 2005 செப்டம்பர் 15 அன்று நியூ ஆர்லியன்ஸின் ஜாக்சன் சதுக்கத்திலிருந்து ஆற்றிய உரையிலேயே, இத்தகைய பேரிடருக்கு நடுவண் அரசின் அதிகாரமும் படையின் பங்கும் விரிய வேண்டும் என்று அதிபர் புஷ் கூறிவிட்டார். பத்து நாள் கழித்து டெக்சாஸில் ஒரு படைத்தலைவர் அவரிடம் ஒரு நிகழ்வைச் சொன்னார்: ஒரே ஒரு மனிதரை மீட்க ஐந்து ஹெலிகாப்டர்கள் வந்து நின்றன. இந்தச் சித்திரம் பின்னர் வாதமாகவே ஆயிற்று. ஐந்து ஹெலிகாப்டர், ஐந்து தலைமை. ஒரே தலைமை இருந்திருந்தால் ஒன்றுதான் வந்திருக்கும்.

அப்படியா? ஒரு கூரைமேல் நின்று துணியை வீசுகிறவரை ஐந்து விமானிகள் கண்டால் ஐவரும் இறங்கத்தான் பார்ப்பார்கள். அவர்கள் ஐவரும் ஒரே தளபதிக்குக் கீழ்ப்பட்டவர்களாக இருந்தாலும் இதுவே நடக்கும். இவரை ஏற்கெனவே ஒருவர் ஏற்றிக்கொள்கிறார் என்பதை மற்ற நால்வருக்கும் சொல்லும் வழி ஒன்று, அதாவது பொதுவான அலைவரிசை, பொதுவான கட்ட வரைபடம், பொதுவான குறி, இருந்தால்தான் ஐந்து ஒன்றாகும். அறிக்கை இந்தக் குறைகளையும் எழுதியிருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அவற்றைத் தலைமை இன்மையின் அறிகுறிகளாக வைக்கிறது. நான் அவற்றை நோயாகவே பார்க்கிறேன். இது வெறும் சொல் வேறுபாடன்று. அறிக்கையின் வாசிப்பு அது வெளிவந்த 2006ஆம் ஆண்டிலேயே சட்டமானது: கிளர்ச்சி ஒடுக்கச் சட்டம் திருத்தப்பட்டு, பேரிடர்க் காலத்தில் மாநிலத்துக்குள் படையை இறக்கும் அதிபரின் அதிகாரம் விரிந்தது. ஐம்பது மாநில ஆளுநர்களும் எதிர்த்தார்கள். 2008இல் அந்தத் திருத்தம் நீக்கப்பட்டது.

கடலோரக் காவல்படையை எடுத்துக்கொள்வோம். அது 33,500 பேரை மீட்டது அல்லது பாதுகாப்பான இடத்துக்கு மாற்றியது. வெவ்வேறு தளங்களிலிருந்து வந்த விமானியும் தூக்குக்கயிறு இயக்குபவரும் நீச்சல் வீரரும் ஒரே ஹெலிகாப்டரில் ஏறி உடனே வேலையைத் தொடங்க முடிந்தது. அவர்கள் கற்ற நடைமுறை ஒன்றே என்பதுதான் காரணம். அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் 2006இல் இந்தப் பொது நடைமுறையைச் சுட்டிக்காட்டியது. “அது ஒரே படை, ஒரே தலைமை, உம் வாதத்துக்கு எதிரான சான்றல்லவா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த முதல் நாள்களில் தொலைபேசிக் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. மேலிருந்து கட்டளை வந்து சேராத பொழுதுகளிலும் அவர்கள் நிற்கவில்லை. பல்லாண்டுத் தலைமைதான் அந்தப் பொது நடைமுறையை உருவாக்கியது என்பதை ஒப்புகிறேன். வெள்ள நாளில் உழைத்தது, முன்பே கைக்குள் இறங்கிவிட்ட நடைமுறை.

இதற்கொரு பழைய முன்னோடி உண்டு. 1904 பிப்ரவரி 7 அன்று பால்டிமோர் நகரம் தீப்பற்றியது. வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் இரயிலில் வந்தன. ஆள் வந்தது, வண்டி வந்தது. குழாய் முனையின் மரை பால்டிமோர் நீர்க்குழாயோடு பொருந்தவில்லை. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்ட இணைப்பு அளவுகள் புழங்கியது பின்னர் தெரியவந்தது. மறு ஆண்டே பொது அளவு வகுத்தார்கள். நூறாண்டு கழிந்தும், 48 பெரிய நகரங்களில் 18 மட்டுமே அந்த அளவைக் கைக்கொண்டிருந்ததாக அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2004இல் எழுதியது. யார் தலைமை ஏற்பது என்று பால்டிமோரில் ஆயிரம் முறை தீர்மானித்திருந்தாலும் அந்த மரை பொருந்தியிராது.

இடைப்பட்ட வரலாறு அறிந்ததே. 1970இல் கலிஃபோர்னியாவில் 13 நாள் எரிந்த காட்டுத்தீக்குப் பின் நிகழ்விடக் கட்டளை முறை உருவானது. 1992இல் ஆண்ட்ரூ புயலுக்குப் பின் தென் மாநிலங்கள் தமக்குள் உதவி உடன்பாடு செய்துகொண்டன; அது விரிந்து 1996இல் ‘ஈமாக்’ என்று சுருக்கி அழைக்கப்படும் மாநிலங்களுக்கு இடையிலான அவசர உதவி உடன்படிக்கையாக நாடாளுமன்ற ஒப்புதல் பெற்றது. கத்ரீனாவுக்கும் அதையடுத்த ரீட்டா புயலுக்கும் சேர்த்து இந்த வழியில் வந்தவர்கள் ஏறத்தாழ 66,000 பேர். பெரும்பகுதி தேசியக் காவல்படையினர், எஞ்சியோர் தீயணைப்பு, மருத்துவம், காவல் துறைகளைச் சேர்ந்தவர்கள். ஆகவே அனுப்புவதில் நாடு தோற்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

தோற்றது ஏற்பதில். உதவி கேட்ட நகரத்தில் வந்தவர்களை எதிர்கொண்டு, இன்ன தெரு உமக்கு, இன்ன இடத்தில் உணவு, மீட்டவர்களை இன்னாரிடம் ஒப்படை என்று சொல்ல ஆளில்லை. தீயணைப்பு வீரர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் அட்லாண்டாவில் உட்கார வைக்கப்பட்டு, பணியிடப் பாலியல் தொந்தரவு குறித்த வகுப்பைக் கேட்டுவிட்டு, மக்கள் தொடர்புப் பணிக்கு அனுப்பப்பட்டார்கள். உள்நாட்டு வளங்கள் துறை 300 படகுகளும் 400 காவல் அலுவலர்களும் தயார் என்றது. அவற்றைப் பயன்படுத்தாமலே விட்டார்கள் என்று செனட் அறிக்கை பதிவு செய்கிறது. ஃபெமாவின் 28 தேடல் குழுக்களும் களமிறங்கின. ஆனால் அவை நிலநடுக்கத்தில் இடிந்த கட்டடத்துக்கெனப் பயின்றவை. ஓடும் நீரில் மீட்கும் பயிற்சியும் கருவியும் கலிஃபோர்னியக் குழுக்களிடமே பெரும்பாலும் இருந்தன. மீட்கப்பட்டவர்கள் 10ஆம் எண் நெடுஞ்சாலையும் காஸ்வே சாலையும் கூடும் மேம்பாலச் சந்திப்பில் இறக்கப்பட்டு, நிழலும் நீருமின்றி ஆயிரக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். வெள்ளை மாளிகை அறிக்கை தேடல் மீட்பை ஒரு தலைப்பிலும் மக்கள் பராமரிப்பை வேறொரு தலைப்பிலும் வைத்தது. கூரையிலிருந்து இறங்கிய மூதாட்டிக்கு அவ்விரண்டும் ஒரே பகல்.

இனி அந்தக் குறி. விதி இதுதான்: குழு வீட்டுக்குள் நுழையும்போது ஒரு சாய்கோடு, வெளியேறும்போது அதை வெட்டும் மறு கோடு. நான்கு கோணங்களில் நான்கு செய்திகள். இடப்புறம் குழுவின் அடையாளம். மேலே வெளியேறிய நாளும் நேரமும். வலப்புறம் உள்ளிருக்கும் ஆபத்து: எரிவாயுக் கசிவு, இடிந்த தளம், எலி, நாய். கீழே எண்: உயிரோடு இத்தனை, இறந்து இத்தனை. ‘எக்ஸ்’ எழுத்தின் உருவில் இருப்பதால் அதற்கு ‘எக்ஸ் குறி’ என்று பெயர் வந்தது. நம் கல்வெட்டு வாசிப்புக்குப் பழகிய கண்ணுக்கு இதன் அமைதி உடனே பிடிபடும். இடப்பக்கம் மெய்க்கீர்த்தி, மேலே காலம், கீழே செய்தி. இல்லாதது ஒன்றுதான்: ஓம்படைக்கிளவி. பின்வருவோரே, இதை இப்படிக் கொள்ளுங்கள் என்று கையளிக்கும் அந்தக் கடைசி வரி இந்தக் குறியில் இல்லை.

வெளியான படங்களில் என்னை நிறுத்திய வேறுபாடு ஒன்று. ஒரு வீட்டின் முகப்பில், வாசற்கதவின் தலைக்கும் மேலே, குறி இருக்கிறது. புயலுக்கு இரண்டு வாரம் பிந்திய தேதி. ஒரு கோணத்தில் ‘உள்ளே நுழையவில்லை’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளான ‘என் ஈ’. கீழ்க்கோணத்தில் ஒரு சுழியம். நுழையாதவர்கள் உள்ளே யாருமில்லை என்று எப்படி எழுதினார்கள்?

எழுதியவரின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிடலாம். நான் அப்படிக் கருதவில்லை. குறியின் உயரத்தைப் பாருங்கள்: தரையில் நின்ற மனிதரின் கை அங்கே எட்டாது. படகிலிருந்து எழுதியது. கதவு நீருக்குள் இருக்கிறது. தட்டினார்கள், கூவினார்கள், விடை இல்லை, நகர்ந்தார்கள். அந்தச் சுழியத்துக்கு ‘எம் கூவலுக்கு எவரும் விடை தரவில்லை’ என்பது பொருள். கட்டட இடிபாட்டுக்கென வகுத்த குறியில் இந்தப் பொருளுக்கு இடமே இல்லை. நுழைந்து தேடியவரின் சுழியத்துக்கும் கூவிப் போனவரின் சுழியத்துக்கும் வடிவம் ஒன்று. இரண்டாவது குழு வந்து பார்க்கும்போது, அது வேறு மாநிலக் குழு, முதல் பொருளில்தான் வாசிக்கும். இதை நிறுவ ஒரு படத்தின் உயரமும் இரண்டு எழுத்தும் போதுமா என்று கேட்டால், போதாதுதான். ஆயினும் வேறெந்த விளக்கமும் இந்த மூன்றையும், உயரம், நுழையாமை, சுழியம் ஆகியவற்றை, ஒருங்கே விளக்கவில்லை என்பதால் இதில் உறுதியாக நிற்கிறேன்.

பின்நிகழ்வும் இதற்குத் துணை. வீடுவீடாகத் தேடும் பணி முடிந்ததென்று அக்டோபர் 3 அன்று லூசியானா அறிவித்தது. அதன் பிறகு ஊர் திரும்பிய குடும்பங்கள் தம் வீட்டிலேயே உறவினரின் உடலைக் கண்டன. குறியிட்ட வீடுகளிலும் கண்டன. தேடல் மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. அந்தக் குடும்பங்களின் முன் யார் தலைமை என்ற விவாதம் எனக்குச் சிறியதாகிவிடுகிறது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே இன்றும் நிலையான எண்ணன்று: நெடுங்காலம் 1,833 என்று எழுதினோம், தேசியப் புயல் மையம் 2023இல் அதை 1,392 என்று திருத்தியது. நேரடி மரணம் எது, மறைமுக மரணம் எது என்ற வகைப்பாடு மாற மாற எண் மாறுகிறது.

குறியின் பிறப்பாண்டையும் நான் தீர்க்க முயலவில்லை. ஃபெமாவின் தேடல் குழு அமைப்பு 1989க்கும் 1991க்கும் இடையில் உருப்பெற்றது. அதே 1989இல் கலிஃபோர்னியாவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம். நான்காண்டு முன் மெக்சிகோ நகரத்தில் நிலநடுக்கம். இவற்றில் எதையொட்டி முதல் கோடு வரையப்பட்டது என்பது என் வாதத்துக்குத் தேவையில்லை. மூன்றிலும் மனதிலிருந்தது நொறுங்கிய கட்டடம், வெள்ளமில்லை என்பது போதும்.

2006 அக்டோபரில் வந்த சீர்திருத்தச் சட்டம் ஃபெமாவைப் பெரிதும் மாற்றியமைத்தது. என் பார்வையில் அதைவிடக் கனமான மாற்றம் ஓசையின்றி நடந்தது: பெரும்பேரிடர்த் தேடலுக்கான தேசியக் கையேடு, தரையில் தேடும் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே கட்ட வரைபடத்தை வகுத்தது. அரசு ஊழியருக்கும் தன்னார்வலருக்கும் இடையிலான பிளவை அது தீர்க்கவில்லை. கத்ரீனாவின்போது லஃபாயத்தில் திரண்ட படகோட்டிகளின் வழியில் வந்த ‘கேஜன் நேவி’ என்னும் மக்கள் படகுகள் 2016இல் பேட்டன் ரூஜிலும் 2017இல் ஹூஸ்டனிலும் இறங்கியபோது, அவர்கள் தேடிய வீடு எது என்ற பதிவு கைப்பேசிச் செயலிகளில் கிடந்தது. அரசுக் குழுக்களின் வரைபடமும் அந்தச் செயலிகளும் ஒன்றையொன்று அறியவில்லையென்றால், 2005இன் சுழியம் வேறு வடிவில் திரும்பி வந்ததாகவே கொள்ள வேண்டும்.

நியூ ஆர்லியன்ஸில் சிலர் வீட்டைப் புதுப்பித்த பிறகும் அந்தக் குறியை அழிக்கவில்லை. சுற்றிலும் வண்ணம் பூசி அதை மட்டும் விட்டுவைத்தார்கள். இரும்பில் அதே வடிவைச் செய்து மாட்டியவர்களும் உண்டு. நான் சொன்ன படத்தில் குழுவின் பெயர் இருக்க வேண்டிய இடக்கோணம் மழையில் மங்கிவிட்டது. அன்று படகில் இருந்தவர்கள் எழுதிய களக்குறிப்பேடு அவர்களோடு அவர்கள் ஊருக்குத் திரும்பியிருக்கும். சுவர் இங்கே, ஏடு அங்கே. அந்தச் சுழியத்தை எழுதிய கை எந்த மாநிலத்தது என்று தெரிந்தால், அந்த ஏட்டைத் தேடிப் போகலாம்.