வாசலில் ஒரு வளையம்

‘மலர்வளையம்’ என்றதும் எம்மில் பெரும்பாலானோருக்கு முதலில் நினைவுக்கு வருவது மரணவீடுதான். கழுத்தில் இடுவது மாலை. கூந்தலில் சூடுவது சரம். வாசலில் கட்டுவது தோரணம். வளையமாகக் கட்டியது இறந்தவருக்கு. இதுவே நாம் கண்டு வளர்ந்த முறை. அதனால்தான் மார்கழி மாதத்தில் ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ பிள்ளைகளிடம் போய் இறங்கும் அம்மாமார், அயல்வீட்டுக் கதவில் தொங்கும் பச்சை வளையத்தைக் கண்டதும், “ஆர் பிள்ளை மோசம்போனது?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். இது சிரித்துவிட்டு விடக்கூடிய கேள்வியல்ல. வரலாற்றைப் பார்த்தால், வீட்டு வாசலில் இலையும் பூவும் கட்டும் வழக்கம் பிறப்புக்கும் இறப்புக்கும் பொதுவாகவே இருந்து வந்திருக்கிறது.

பண்டைய ஏதென்ஸ் நகரில் ஆண்குழந்தை பிறந்த வீட்டு வாசலில் ஒலிவ இலை வளையத்தைத் தொங்கவிட்டார்கள். பெண்குழந்தை பிறந்தால் தொங்கியது கம்பளி நூல். நூல் நூற்பதும் நெய்வதுமே அவளுடைய வாழ்வு என்பது பிறந்த அன்றே வாசலில் அறிவிக்கப்பட்டுவிட்டது. பெண்பிள்ளைகளுக்கென்று எழுந்த கல்லூரி ஒன்றில் படித்து வெளியேறிய நாம், அந்தக் கம்பளி நூலை இலகுவில் கடந்துபோக முடியாது. அதே நகரில், இலையுதிர்காலத் திருவிழா ஒன்றில் ஒலிவக் கிளையொன்றில் கம்பளி சுற்றி, அத்திப்பழமும் சிறு பணியாரங்களும் கோத்து வாசலில் தொங்கவிடுவர். அடுத்த ஆண்டு புதியது வரும்வரை அது அங்கேயே இருக்கும். இன்றைய கிரேக்கரும் மே முதலாம் திகதி பூவளையம் கட்டிக் கதவில் மாட்டுகின்றனர். ஜூன் மாதத்தில் புனித யோவான் திருநாளையொட்டி மூட்டும் நெருப்பில் அதனை இடுகின்றனர்.

உரோமரிடம் வளையம் விருதாகவும் இருந்தது. போரில் சக உரோமக் குடிமகன் ஒருவரின் உயிரைக் காத்தவருக்கு ஓக் இலை முடி சூட்டினர். கி.மு. 27இல் அகஸ்டஸின் வீட்டு வாசல் நிலைகளை லோரல் இலைகளால் அலங்கரித்து, கதவுக்கு மேலே ஓக் முடியை வைக்கும்படி செனற் சபை தீர்மானித்தது. உயிர் காத்தமைக்கான அடையாளம் ஒரு வீட்டு வாசலில் ஏறிய கதை இது. வைத்தியர்களாகிய எமக்கு இதில் சற்றுக் கூடுதலான விருப்பம் இருப்பது இயல்புதானே! அதே உரோமில் திருமண வீட்டு வாசலுக்கு லோரல் இலை, மரணவீட்டு வாசலுக்கு சைப்பிரஸ் கிளை. வாசல் ஒன்றுதான், இலைதான் செய்தியைச் சொன்னது.

எமது தோரணமும் இப்படிப்பட்டதே. ஒரே தென்னங்குருத்தோலை, ஒரே கயிறு. மங்கலத் தோரணத்தில் ‘குருவி’ நான்கு. அவை மேல்நோக்கி இருக்கும். அமங்கலத் தோரணத்தில் மூன்று. அவை கீழ்நோக்கி இருக்கும். தெருவில் போகிறவர் யாரையும் விசாரிக்காமலே அந்த வீட்டில் நடப்பதை அறிந்துகொள்வார். சங்ககாலத்தில் தலையில் சூடிய கண்ணியும் இவ்வாறே பேசியது. வெட்சியும் தும்பையும் வாகையும் போரின் எந்தக் கட்டம் என்பதைக் காட்டின. போட்டியில் வென்ற அணி ‘வாகை சூடியது’ என்று பத்திரிகைகள் இன்றும் எழுதுகின்றன.

நத்தார் கால வளையங்களில், மெழுகுதிரி ஏற்றும் திருவருகைக்கால வளையத்துக்கு அறியப்பட்ட ஒரு தொடக்கம் உண்டு. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்காக 1833இல் இல்லம் ஒன்றைத் தொடங்கியவர் யோகான் ஹின்றிக் விகேர்ன் என்ற போதகர். நத்தார் எப்போது வரும் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டார்கள். 1839இல் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, வாரநாள்களுக்கு 20 சிறிய சிவப்பு மெழுகுதிரிகளும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு 4 பெரிய வெள்ளை மெழுகுதிரிகளும் அதில் பொருத்தினார். நாளுக்கு ஒன்றாக ஏற்ற ஏற்ற, பிள்ளைகள் காத்திருப்பதை எண்ணக் கற்றார்கள். பச்சைக் கிளைகள் பின்னரே சேர்ந்தன. வீடுகளுக்குப் பரவியபோது 4 மெழுகுதிரிகள் மட்டும் எஞ்சின.

வளையம் கட்டுவது கடினமான வேலையல்ல. வளைந்த கம்பியோ, காய்ந்த கொடியோ, வைக்கோற் புரியோ அடித்தளமாகலாம். இலைகளைச் சிறு பிடிகளாகச் சேர்த்து, ஒரே திசையில் வைத்து மெல்லிய கம்பியால் சுற்ற வேண்டும். ஒவ்வொரு பிடியின் தலைப்பும் முன்னையதன் காம்பை மறைக்க வேண்டும். கடைசிப் பிடியின் காம்பை முதற்பிடியின் கீழ்ச் செருகினால் தொடக்கமும் முடிவும் தெரியாது. வைத்தியர் என்ற வகையில் இரண்டு எச்சரிக்கைகள்: காய்ந்த இலைகளுக்கு நடுவே மெழுகுதிரியை எரியவிட்டு அறையை விட்டுப் போகவேண்டாம். அலரி இலையும் பூவும், குளிர்நாடுகளில் ஹொலிப் பழமும் நஞ்சுடையவை. சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

நாம் வடக்கில் படித்த தொண்ணூறுகளில் கடையில் அலங்காரப் பொருள் வாங்குவது என்ற பேச்சே இருக்கவில்லை. மின்சாரமும் இல்லை, ஜாம்போத்தல் விளக்கில் படித்தோம். ஆயினும் கல்லூரி விழாக்கள் நின்றுவிடவில்லை. மாவிலை, குருத்தோலை, வாழை ஆகியவற்றைக் கொண்டே மண்டபம் நிறைந்தது. மூத்த மாணவிகள் மடிக்க, இளையவர்கள் பார்த்துப் பழகினோம். மங்கலம் எது, அமங்கலம் எது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. தவறாக மடித்த கையை ஓர் அக்கா பிடித்துத் திருத்தினார், அவ்வளவுதான்.

இன்று பிளாஸ்திக் மாவிலை எல்லா ஊர்களிலும் கிடைக்கிறது. விழா அலங்காரங்களுக்குப் பொலித்தீன் பயன்படுத்துவதை இலங்கை அரசு 2017இல் தடைசெய்தது. ஆனால் குருத்தோலையை மடிக்கத் தெரிந்த விரல்களைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது. பிளாஸ்திக் தோரணத்தில் குருவி நான்கா மூன்றா என்று பார்ப்பாரும் இல்லை. நன்மைக்கும் துயருக்கும் தனித்தனியே பேசத் தெரிந்திருந்த ஒரு வாசல் மெல்ல ஊமையாகி வருகிறது. சாவுகளை எண்ணி முடிக்க முடியாதிருந்த ஒரு மண்ணில் அந்த மொழி எமக்கு எத்தனை தேவைப்பட்டது என்பதை எம் வயதினர் அறிவோம்.

சங்கத்தின் நூற்றாண்டில் பழைய மாணவியரிடம் நாம் வேண்டுவது சிறியது. ஊரில் இருப்போர் ஒரு விழாவுக்காவது மாணவிகளோடு அமர்ந்து தோரணம் கட்டுங்கள். தென்னை வளராத நாடுகளில் இருப்போர் அங்கே கிடைக்கும் இலையில் வளையம் கட்டுங்கள். பக்கத்தில் உங்கள் மகளை இருத்துங்கள். அம்மா வந்து “ஆர் பிள்ளை?” என்று கேட்டால், ஏதென்ஸில் பிள்ளை பிறந்த வீட்டுக்கும் இப்படித்தான் கட்டினார்கள் என்று சொல்லுங்கள். பிறகு அவரிடம் குருவி மடிக்கும் முறையைக் கேட்டுப் பழகுங்கள்.