உல்கும் துலாக்கூலியும்

சென்ற மாதம் களப்பணிக்காக மட்டாஞ்சேரி சென்றிருந்தோம். ஆய்வு மாணவர்கள் ஐவர். எங்களுக்கு வழிகாட்டிய உள்ளூர்த் தம்பி ஒருவன். அவன் வீட்டில் தமிழும் வெளியே மலையாளமும் பேசுபவன். இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவன். காலை முழுவதும் யூதர் தெருவில் அலைந்துவிட்டு, மதியம் அருகிலிருந்த உணவகம் ஒன்றில் அமர்ந்தோம். நாங்கள் ஐவரும் பிரியாணி, மீன் வறுவல் என்று வேண்டியதையெல்லாம் வரவழைத்தோம். அவன் ஒரு பரோட்டாவும் ஒரு சுலைமானியும் போதும் என்றான். அவற்றின் விலை 60 ரூபாய்.

உணவுக்கு 2,400 ரூபாய். அதன்மேல் 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 120 ரூபாய். பரிமாறியவருக்கென்று 180 ரூபாய் வைப்பதென முடிவாயிற்று. ஆக மொத்தம் 2,700. எங்களுள் ஒருவர் கைப்பேசியைத் தட்டிவிட்டு, "தலைக்கு நானூற்று ஐம்பது" என்றார். தம்பியின் முகம் மாறியதைக் கண்டு இன்னொருவர் உடனே, "நீ கொடுக்க வேண்டாம், தம்பி" என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அவன் முகம் முன்னிலும் இறுகிப் போயிற்று. ஒன்றும் பேசாமல் பையைத் துழாவி 450 ரூபாயை எண்ணி மேசைமீது வைத்தான்.

அன்று மாலை வரை எனக்கு மனம் ஆறவில்லை. 450 கேட்டதில் இருந்த தவறு எளிதில் விளங்கிற்று. வேண்டாம் என்றதும் அவனை ஏன் புண்படுத்தியது என்பதுதான் விளங்கவில்லை. விடை, நாங்கள் காலையில் நின்றிருந்த இடத்திலேயே இருந்தது.

1568இல் எழுப்பப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தின் உடைமையாகப் பாதுகாக்கப்பட்டு வருபவை யூதச் செப்பேடுகள். சேரப் பெருமாள் பாஸ்கர ரவி முயிரிக்கோட்டிலிருந்து, அதாவது இன்றைய கொடுங்கல்லூர்ப் பகுதியிலிருந்து, வழங்கியவை, காலம் பொ.ஆ. 1000 என ஆய்வாளர் பலர் கொள்வர். எழுத்து வட்டெழுத்து, வடசொற்களுக்குக் கிரந்தம். மொழி, தமிழிலிருந்து மலையாளம் பிரிந்து கொண்டிருந்த காலத்து மொழி. கொடை பெற்றவர் யோசேப்பு ரப்பான். செப்பேடு அவரை 'இஸ்ஸுப்பு இரப்பான்' என்கிறது. அயல்மொழிப் பெயர் இந்த மண்ணின் நாவில் புரண்டு வந்த அழகு அது.

அவருக்கு அளிக்கப்பட்டவை அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு உரிமைகளும். அஞ்சுவண்ணம் என்பது கடல் வணிகர் குழு ஒன்றின் பெயர். பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை போன்ற சிறப்புகள் கொடையில் அடங்கும். அவற்றோடு இரண்டு வரிச்சொற்களும் வருகின்றன: உல்கு, துலாக்கூலி. உல்கு என்பது வணிகப் பொருள் மீதான சுங்கம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வாங்கப்படுவதும், அரசன் பொருள் வகைகளுள் ஒன்றாகத் திருக்குறள் எண்ணுவதும் இதுவே. துலாக்கூலி, சரக்கை நிறுத்துத் தரும் பணிக்குரிய கட்டணம். ஒன்று அரசுக்கு, மற்றது சேவைக்கு. எங்கள் கணக்கில் உணவுக்கு மேல் சேர்ந்த இரண்டு தொகைகளும் ஏறக்குறைய இவையே. இவ்விரண்டும் யோசேப்பு ரப்பானுக்கு விலக்கப்பட்டன.

இச்செப்பேடுகளின் படியை 2017 ஜூலை 4 அன்று இந்தியப் பிரதமர் இஸ்ரேல் பிரதமருக்குப் பரிசாக அளித்தார். நாட்டில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது ஜூலை 1 அன்று. புதிய உல்கு பிறந்த அதே வாரத்தில், பழைய உல்கு விலக்கு கடல் கடந்து சென்றது.

நான் சொல்ல வந்தது விலக்கைப் பற்றியன்று, அதையொட்டி வரும் ஒரு நிபந்தனையைப் பற்றி. நகரத்தின் மற்றக் குடிகள் கோயிலுக்கு, அதாவது அரண்மனைக்கு, இறுப்பதை இவர் இறுக்க வேண்டா. அவர்கள் பெறுவதை இவரும் பெறுவார் என்பது அதன் கருத்து. இரண்டாம் பகுதியை ஏன் தனியே சொல்ல வேண்டும்? இறுக்காதவனுக்குப் பெறும் உரிமையும் இல்லை என்பதே அக்கால வழக்காக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கட்டணம் செலுத்துவது கடமை மட்டுமன்று. அவையில் இடம்பெறுவதற்கான அடையாளமும் ஆகும். அடையாளத்தை எடுத்துவிட்டு இடத்தை மட்டும் நிலைநிறுத்த வேண்டுமாயின், அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

இதை நம் ஊர்த் திருவிழாக்களில் இன்றும் காணலாம். தலைக்கட்டு வரி குடும்பத்துக்கு இவ்வளவு எனச் சமமாக விதிக்கப்படுகிறது. கணவனை இழந்த பெண்ணின் வீட்டுக்கு அரை வரி என்ற வழக்கமும் சில ஊர்களில் உண்டு. ஆனால் ஒரு குடும்பத்தை ஊர்விலக்கம் செய்யும்போது நடப்பதென்ன? அவர்களிடம் வரி வாங்க மறுக்கிறார்கள். கோயில் விழாவில் பட்டியல் சாதியினரிடம் வரி வாங்க மறுப்பதும், எங்களிடமும் வாங்குங்கள் என்று அவர்கள் போராடுவதும் தமிழ்நாட்டில் புதியன அல்ல. வெறும் பொருளியல் கண்ணுக்கு இது விந்தை. பணம் கொடுக்கும் உரிமைக்காக யாரேனும் போராடுவார்களா? போராடுவார்கள். வரி வாங்கப்படாத வீட்டுக்குத் தேரின் வடத்தில் கையில்லை, பிரசாதத்தில் பங்கில்லை. யோசேப்பு ரப்பானும் இறுக்கவில்லை, இவர்களும் இறுக்கவில்லை. முன்னது மரியாதை, பின்னது அவமதிப்பு. 'பெறுவதைப் பெறுவார்' என்ற அந்த இரண்டாம் பகுதி இருப்பதும் இல்லாததுமே வேறுபாடு.

"நீ கொடுக்க வேண்டாம், தம்பி" என்றபோது நாங்கள் முதற்பகுதியை மட்டுமே சொன்னோம். அதை அவன், நீ எங்களுள் ஒருவன் அல்லன் என்று கேட்டான். 450 ரூபாயை எண்ணி வைத்தது இடத்தை மீட்டுக்கொள்ளும் முயற்சி.

அப்படியானால் வேறு வழி? அதற்கும் வணிகரிடமே விடை உண்டு. சிவகங்கை மாவட்டம் பிரான்மலையில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுவினர் கூடிக் கோயிலுக்குப் பொருள் தர ஒத்துக்கொண்டதைப் பதிவு செய்கிறது. அவர்கள் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கவில்லை. மிளகு, பாக்கு, உப்பு, சந்தனம் எனச் சரக்கின் வகையையும் அளவையும் ஒட்டி விகிதம் வைத்தனர். மிகுதியாகக் கொண்டுசென்றவன் மிகுதியாகத் தருவான். சிறிது கொண்டுசென்றவன் சிறிது தருவான். தராதவன் எவனும் இல்லை. இத்தகைய பங்களிப்பைப் பட்டணப்பகுடி என்றும் மகமை என்றும் வழங்கினர். தென்மாவட்ட நாடார் வணிகர் பிற்காலத்தில் பள்ளிகளை நடத்தியதும் இத்தகைய மகமையைக் கொண்டே.

எங்கள் கணக்கை அந்த முறையில் போட்டுப் பார்த்தேன். 2,400க்கு மேல் வரியும் அன்பளிப்புமாகச் சேர்ந்தது 300. எட்டில் ஒரு பங்கு. ஆகவே ஒவ்வொருவரும் தாம் உண்டதன் விலையோடு அதில் எட்டில் ஒரு பங்கைச் சேர்த்தால் போதும். தம்பியின் பங்கு 67 ரூபாய் 50 காசு. அவன் வைத்ததோ 450. எங்கள் பிரியாணிக்கும் மீனுக்கும் அவன் 382 ரூபாய் 50 காசு தந்திருக்கிறான்.

தமிழில் 'பாத்தூண்' என்றொரு பழஞ்சொல் உண்டு. பகுத்துண்ணுதல் என்பது பொருள். உணவைப் பகுப்பதற்குச் சொல் வைத்திருந்த மொழியில், உண்டதன் விலையைப் பகுப்பதற்கு அப்படியொரு தனிச்சொல் எனக்குத் தென்படவில்லை. பகுத்துண்ட காலத்தில் அதற்குத் தேவை எழாமல் இருந்திருக்கலாம். இப்போது தேவை வந்துவிட்டது. அதுவரை 'தலைக்கு இவ்வளவு' என்ற ஒற்றை வாய்பாட்டையே வைத்துக்கொண்டிருக்கிறோம். எல்லாத் தலைகளும் ஒரே வயிறு உண்டன போல.

மறுநாள் காலை அவனிடம் கணக்கைக் காட்டி 382 ரூபாய் 50 காசை நீட்டினேன். முதலில் மறுத்தான். தாளை வாங்கி எட்டில் ஒன்றைத் தானே போட்டுப் பார்த்தான். பிறகு பணத்தை வாங்கிக்கொண்டு, "அப்ப என் பங்கு சரியாப் போச்சுல்ல, அக்கா?" என்றான். சரியாகப் போயிற்று என்றேன். அன்று தேநீருக்கு அவன்தான் கொடுத்தான்; நாங்கள் யாரும் தடுக்கவில்லை.