முத்தநாதன் கையில் இருந்த சுவடி

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு மெய்ப்பொருள் நாயனார் கதை நினைவிருக்கும். திருக்கோவலூர் அரசரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், உடம்பெல்லாம் திருநீறு பூசி, சடை முடித்து, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வந்தான். வாயில் காவலர்கள் சிவனடியார் என்று கும்பிட்டு வழிவிட்டார்கள். கடைசி வாயிலில் தத்தன் மட்டும், அரசர் உறங்குகிறார், இது நேரமல்ல என்று தடுத்தான். ஆகமம் சொல்ல வந்தேன் என்று சொல்லி அவனையும் தாண்டிப் போனான். இதைப் பாடிய சேக்கிழார் நம் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர்.

கிரேக்கர்களிடம் இதே போன்ற கதை மரக்குதிரையாக இருக்கிறது. பரிசு என்று நம்பி ட்ராய் நகரத்தார் உள்ளே இழுத்துப் போன குதிரையின் வயிற்றில் எதிரி வீரர்கள் இருந்தார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லும் 'ட்ரோஜன்' அந்தக் குதிரைதான். நம் ஊரில் பெயர் வைத்திருந்தால் முத்தநாதன் என்றே வைத்திருக்கலாம்!

இப்போது எதற்கு இது? பட்டுப் புடவைக்குப் பார்டர், முந்தி டிசைன் போட்டுத் தரும் என் பழைய மாணவர் ஒருவர் போன மாதம் வந்தார். யாரோ பென் டிரைவில் கொடுத்த 'இலவச' டிசைன் சாஃப்ட்வேரை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார். ஆறு வருஷ டிசைன்கள் ஒன்றும் திறக்கவில்லை. பணம் கட்டினால் திறப்போம் என்று திரையில் எழுத்து.

இந்தப் பணம் பறிக்கும் வித்தை புதிதல்ல. 1989 டிசம்பரில் சுமார் 20,000 ஃப்ளாப்பிகள் பல நாடுகளுக்குத் தபாலில் போயின. எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று மேலே எழுதியிருந்தது. போட்டுப் பார்த்தால் உண்மையிலேயே நோய் பற்றிக் கேள்வி கேட்டது, பதிலும் சொன்னது. யாருக்குச் சந்தேகம் வரும்? சுமார் 90 முறை கம்ப்யூட்டரை இயக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, பிறகு கோப்புகளின் பெயர்களை உருக்குலைத்து, பனாமாவில் உள்ள தபால்பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது. செய்தவர் என்று கைதானவர் ஜோசப் பாப், படித்த உயிரியல் அறிஞர். படிப்புக்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

2017 மே மாதம் வந்த 'வானாக்ரை' வேறு ரகம். வேஷம் போடவில்லை, தாழ்ப்பாள் போடாத வீடாகப் பார்த்து நுழைந்தது. ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிஸான் கார் தொழிற்சாலையிலும் வேலை பாதித்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

மூன்றாவது வகைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 2019 செப்டம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்து நிர்வாகக் கம்ப்யூட்டர் ஒன்றில் திருட்டு நிரல் இருப்பது தெரியவந்தது. அக்டோபர் கடைசியில் முதலில் மறுத்தார்கள், மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அதன் பெயர் 'டிட்ராக்' என்றார்கள். அந்த வகை எதையும் பூட்டாது, பணமும் கேட்காது. நாம் தட்டும் எழுத்துகளையும், பார்த்த பக்கங்களையும், கோப்புப் பட்டியலையும் சத்தமில்லாமல் சேகரிக்கும். உலையை இயக்கும் கம்ப்யூட்டர்கள் இணையத்தோடு சேராமல் தனியாக இருந்ததால் அவற்றுக்குப் பாதிப்பில்லை என்று கழகம் சொன்னது.

'தனியாக' என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் அதைச் செய்யலாம். டிசைன், கணக்கு, குடும்பப் போட்டோ எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியபடியே விட்டால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். பிள்ளைகள் விளையாட நிர்வாகி உரிமை இல்லாத வேறு கணக்கு தொடங்கிக் கொடுங்கள். விண்டோஸ் அப்டேட் வந்தால் தள்ளிப் போடாதீர்கள். அதோடு வரும் டிஃபெண்டரை அணைக்காதீர்கள். இலவச சாஃப்ட்வேரோடு வரும் குறிப்பில் "ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஏற்றவும்" என்றிருந்தால், அது தத்தனை வெளியே போகச் சொல்கிறது என்று அர்த்தம்.

வங்கிப் பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். அந்த மாணவருக்கு, பழைய ஜக்கார்டு அட்டைகளைப் பரணில் போட்டு வைத்திருந்ததால் கொஞ்சம் டிசைன் மிஞ்சியது. மீதியை மறுபடி வரைந்துகொண்டிருக்கிறார்.