வார்னிஷும் கண்ணொளியும்: வடசென்னையில் எரிசாராயம் வந்த வழி

குடித்தவருக்குப் பார்வை மங்குவது இரண்டு வகை. கள்ளிலும் சாராயத்திலும் உள்ள எத்தனால் மூளையின் வேகத்தைக் குறைக்கும்போது இரு கண்களின் தசைகளும் ஒத்து இயங்காமல் போகின்றன. ஒன்று இரண்டாகத் தெரியும். போதை தெளிந்ததும் அது சரியாகிவிடும். இரண்டாவது வகைக்குக் காரணம் மெத்தனால். குடித்த இரவில் போதையைத் தவிர வேறொன்றும் தெரியாது. மறுநாள்தான் கண்முன் வெள்ளைப் புகை படர்ந்ததுபோல் தோன்றும். இந்தப் பார்வை பலருக்குத் திரும்புவதில்லை. ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான துறைமுக, ஆலைப் பகுதியில் முதல் வகை பழையது. இரண்டாவது வகை மெருகு வேலை, வரி, மதுவிலக்கு ஆகிய மூன்றின் வழியாக வந்து சேர்ந்தது.

இக்கரையின் பழைய குடிவகைகள் மூன்று: தென்னை, பனை மரங்களில் இறக்கிய கள், ஊறல் போட்டுக் காய்ச்சிய சாராயம், சோற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் சுண்டக்கஞ்சி. சுண்டக்கஞ்சி இன்றும் வடசென்னை மீனவர் குப்பங்களின் அடையாளமாகப் பேசப்படுகிறது. மூன்றுக்கும் அடிப்படை மாவும் சர்க்கரையும் நொதிப்பதே. அதில் பிறப்பது பெரும்பாலும் எத்தனால். மெத்தனால் கண்ணைக் கெடுக்கும் அளவுக்குச் சேர்வதில்லை. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் அரசின் உரிமத்துக்கும் தீர்வைக்கும் உட்படுத்தியது. குடிக்கும் சாராயத்தின் மீதான வரி கூடக்கூட, தொழிலுக்குத் தேவையான சாராயத்தை எப்படி மலிவாகக் கொடுப்பது என்ற கேள்வியும் எழுந்தது.

அதற்கான விடையைப் பிரிட்டன் 1855இலேயே கண்டிருந்தது. மரத்தைக் காற்றுப் புகாமல் சுட்டு வடித்த நாப்தாவில் ஒரு பங்கை ஒன்பது பங்கு சாராயத்தில் கலந்தால் அது குடிக்க உதவாது, ஆகவே வரியும் வேண்டாம் என்பது ஏற்பாடு. மர நாப்தாவில் உள்ள முக்கியப் பொருள் மெத்தனால். அதைத் தனியே பிரித்து அடையாளம் கண்டவர்கள் துய்மாவும் பெலிகோவும், ஆண்டு 1834. இப்படி உருவான மெதிலேற்றிய எரிசாராயம் அடுப்பு எரிக்கவும், மருந்துக் கூடங்களுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக மரவேலைக்கும் பயன்பட்டது. அரக்கை எரிசாராயத்தில் கரைத்தால் கிடைப்பது பிரெஞ்சு பாலிஷ். தொழிலாளர் நாவில் அதுவே ‘வார்னிஷ்’.

வடசென்னையில் அதற்கு வேலை குறைவில்லை. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதன் பின் பெரம்பூரில் ரயில் பட்டறைகளும், கரையோரம் துறைமுகமும் வளர்ந்தன. மரப்பெட்டியும் நாற்காலியும் கதவும் மெருகேறும் இடமெல்லாம் எரிசாராயத் தகரமும் உடனிருந்தது.

அது கண்ணைப் பறிக்கும் என்பது உலகுக்குத் தெளிவானது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மர நாப்தாவின் கெட்ட நாற்றமே அதுவரை குடிப்பவரைத் தடுத்தது. 1890களில் அமெரிக்காவில் நாற்றம் நீக்கிய மரச்சாராயம் விற்பனைக்கு வந்ததும் தடை போயிற்று. கண் மருத்துவர்கள் பிராங்க் புல்லரும் கேசி வுட்டும் 1904இல் வெளியிட்ட கட்டுரை, மரச்சாராயத்தால் பார்வை அல்லது உயிர் போன 235 நேர்வுகளைத் தொகுத்துக் காட்டியது.

சென்னை மாகாணத்தில் வார்னிஷ் குடிபொருளாக மாறியதற்கு மதுவிலக்கே காரணம். ராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. போர்க்காலத்தில் அது நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் படிப்படியாக மீண்டும் கொண்டுவரப்பட்டு 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதற்கும் நீண்டது. ஊர்ப்புறத்தில் கடை மூடினால் ஊறல் போட இடமிருந்தது. நெருக்கமான நகரத்தில் புகையும் வாடையும் காட்டிக்கொடுத்துவிடும். பட்டறைத் தகரமோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மருந்துக் கடைகளில் விற்ற ‘ஜிஞ்சர்’ என்னும் இஞ்சி டிங்சரும், மரக்கடைகளின் வார்னிஷும் மதுவிலக்குக் காலத்து நகரக் குடியாயின.

வார்னிஷில் தண்ணீர் ஊற்றினால் அரக்கு திரிந்து கட்டியாகும். அதைத் துணியில் வடித்துவிட்டு மிஞ்சியதைக் குடிப்பார்கள். மெத்தனால் தண்ணீரோடு முழுவதும் கலக்கும் பொருள் என்பதால் துணி நிறுத்தியது அரக்கை மட்டுமே. ‘கொளுத்தினால் நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு’ என்ற சோதனையும் உதவாது. எத்தனாலைப் போலவே மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். எரிசாராயத்தின் சேர்மானமும் எங்கும் ஒன்றாக இல்லை. சிலவற்றில் வாந்தி எடுக்கவைக்கும் கசப்புப் பொருள்களே அதிகம், சிலவற்றில் மெத்தனால் அதிகம். நேற்றுக் குடித்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைய தகரத்துக்கு உறுதியாகவில்லை.

சட்டம் இந்தப் பழக்கத்தைப் பெயர் சொல்லியே எதிர்கொண்டது. இயல்பு மாற்றிய எரிசாராயம், மெதில் ஆல்கஹால், வார்னிஷ் ஆகியவற்றுக்காக 1959இல் தனி விதிகள் வந்தன. அவற்றின் தலைப்பிலேயே பிரெஞ்சு பாலிஷ் என்ற சொல் இடம்பெற்றது. மேசைக்கு மெருகேற்றும் பொருளை வைத்திருப்பதும் விற்பதும் மதுவிலக்குத் துறையின் உரிமத்துக்குள் வந்தன.

நச்சின் போக்கு மருத்துவர்களையும் ஏமாற்றக்கூடியது. மெத்தனாலைக் கல்லீரல் முதலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. கேடு செய்வது இந்த அமிலமே. உயிரணுக்கள் உயிர்வளியைப் பயன்படுத்தும் நொதியை அது முடக்குகிறது. எரிபொருள் அதிகம் வேண்டும் பார்வை நரம்பு முதலில் அடிபடுகிறது. அமிலம் சேர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். கூடவே எத்தனாலும் குடித்திருந்தால் கல்லீரல் அதையே முதலில் கவனிப்பதால் இன்னும் தாமதமாகும். தலைவலி, வயிற்றுவலி, வாந்தி என்று தொடங்குவதைக் குடித்த மறுநாள் வரும் உபாதை என்றே வீட்டார் நினைப்பார்கள். தூய மெத்தனால் 10 மில்லியே பார்வையைப் போக்கலாம். 30 மில்லி உயிரைப் போக்கலாம். போலீஸ் பயம் வேறு மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடும். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியாகத் தொடங்கி 1938இல் மருத்துவக் கல்லூரியாக உயர்ந்த ஸ்டான்லி மருத்துவமனை இப்பகுதிக்கு அருகிலேயே இருந்தது. 1819இல் தொடங்கி உலகின் பழைமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக விளங்கும் எழும்பூர் மருத்துவமனையும் தொலைவில் இல்லை. ஆனால் தாமதமாகி, நரம்பு பட்டுப்போன பின் கண் மருத்துவத்தால் ஆகக்கூடியது அதிகமில்லை.

1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் சாராயக் கடைகள் மறுபடி திறந்தன, 1987இல் மூடப்பட்டன. இடையில் 1983இல் டாஸ்மாக் பிறந்தது. மலிவான சாராயம் 1990இல் திரும்ப வந்து 1991இல் போயிற்று. இந்த ஏற்ற இறக்கங்களுக்கிடையே மெத்தனால் வரும் வழியும் மாறியது. 1923இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் அதை வாயுக்களிலிருந்து செயற்கையாகப் பெருமளவில் செய்யத் தொடங்கியபோதே மரத்தின் தேவை தீர்ந்தது. சாயம், பிசின், மருந்து, கரைப்பான் என்று அதன் பயன்கள் பெருகின. இந்தியா தன் தேவையில் பெரும்பங்கை இறக்குமதி செய்கிறது. 1969இல் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியபின் மணலி வேதித்தொழில் வட்டாரமாயிற்று. எண்ணூரில் 2001இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. பட்டறைத் தகரத்தின் இடத்தில் டேங்கர் லாரியும் டிரம்மும் வந்தன. முன்பு எரிசாராயத்தில் சிறு பங்காக இருந்த நஞ்சு, இப்போது கலப்பில்லாமல் முழுதாகவே கைமாறக்கூடியதாயிற்று.

அதனால் கேட்டின் அளவும் பெருகியது. கேரளத்தின் வைப்பின் தீவில் 1982 ஓணத்தின்போது 77 பேர் இறந்தனர், 63 பேர் பார்வை இழந்தனர். 2001இல் பண்ருட்டிப் பகுதியில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பிழைத்தவர்களிலும் கண் போனவர்கள் உண்டு. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவர் கிராமத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சேர்ந்து 22 பேர் இறந்தனர். அது காய்ச்சிய சாராயமன்று, ஆலையிலிருந்து வந்த மெத்தனால் என்று காவல்துறை அறிவித்தது. ‘கள்ளச்சாராயம்’ என்ற பழைய சொல்லுக்குப் பக்கத்தில் ‘விஷச்சாராயம்’ என்ற சொல் செய்திகளில் நிலைத்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றிலும் 65க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

சிகிச்சை முறை இன்று தெளிவாக உள்ளது. கல்லீரலின் நொதியைத் தடுக்கும் போமெபிசோல் அல்லது மருத்துவர் அளந்து தரும் எத்தனால், அமிலத்தைச் சமன்செய்யும் சோடியம் பைகார்பனேட், ரத்தச் சுத்திகரிப்பு, போலினிக் அமிலம் ஆகியவை அதன் கூறுகள். பார்வை மிஞ்சுவது அவை எத்தனை மணி நேரத்தில் கிடைக்கின்றன என்பதைப் பொறுத்தது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் 2024 ஜூன் இறுதியில் திருத்தப்பட்டது. உயிரிழப்புக்குக் காரணமான கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் என்பது அத்திருத்தத்தின் சாரம்.