சமிபாடு: ஒரு கலைச்சொல்லின் சமூகப் பின்னணி

உண்ட உணவு உடல் ஏற்கத்தக்க எளிய பொருள்களாக மாறுவதை ஈழத்துப் பாடநூல்கள் 'சமிபாடு' என்றும் தமிழகப் பாடநூல்கள் 'செரிமானம்' என்றும் வழங்குகின்றன. 'சமி' என்னும் வினையோடு 'பாடு' சேர்ந்தமைந்த இச்சொல் ஏட்டளவில் நின்றதன்று. 'செமிக்கவில்லை', 'செமியாக்குணம்' என மக்கள் வழக்கிலும் அவ்வினை உருத்திரிந்து வாழ்கின்றது. கலைச்சொல்லும் பேச்சும் ஒரே வேரினின்று கிளைக்கும்போது அறிவு மக்களுக்கு அந்நியமாவதில்லை.

1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. நோயாளியின் மொழியிலேயே மருத்துவமும் பயிலப்படலாம் என்பதை அம்முயற்சி மெய்ப்பித்தது. இன்றோ நம் மருத்துவ பீடங்கள் ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றன. பாடசாலையிற் சமிபாட்டைத் தமிழிற் கற்ற மாணவன், மருத்துவனானபின் அதனை நோயாளியின் வாயிலிருந்தே மீளக் கற்கவேண்டியவனாகின்றான்.