பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மரக்கட்டை அச்சு: ஒரு பயிற்சியின் வரலாறு

மரப்பலகையில் உருவத்தை மட்டும் மேடாக விட்டு, மற்றப் பகுதிகளைச் செதுக்கி எடுத்து, எஞ்சிய மேட்டில் மை தடவித் தாளிலோ துணியிலோ பதிப்பது மரக்கட்டை அச்சு எனப்படும். இன்று ஓவியக் கல்லூரிகளில் தனிக்கலையாகப் பயிலப்படும் இம்முறை, தமிழகத்தில் நெடுங்காலம் துணிக்கும் புத்தகத்துக்கும் உரிய துணைத்தொழிலாகவே இருந்தது. தொழில் அதைக் கைவிட்ட பிறகே அது ஓவியரின் கைக்கு வந்தது என்பதும், அந்தக் கைமாற்றத்தில் பயிற்சியின் அடிப்படையே மாறிப்போனது என்பதும் இங்கே ஆராயப்படுகின்றன.

துணியச்சுக் கட்டையின் இலக்கணம் தாளச்சுக் கட்டையினின்று வேறுபட்டது. சாயத்தில் தோய்த்துத் துணிமீது வைத்து அழுத்தும்போது காற்று சிக்கிக்கொள்ளாமலும் மிகுந்த சாயம் தேங்காமலும் இருக்க அதில் துளைகள் இடப்படும். செதுக்கி முடித்த கட்டை பல நாள் எண்ணெயில் ஊறவைக்கப்படும். ஒரே உருவம் துணி முழுதும் தொடர்ந்து வரவேண்டியிருப்பதால், ஒரு பதிவின் விளிம்பு அடுத்ததோடு பொருந்துவதே அச்சடிப்பவரின் முதற்பாடம். சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிகள் ஐரோப்பியச் சந்தையில் பெற்ற புகழில் கலம்காரித் தூரிகையோடு இந்தக் கட்டைக்கும் பங்கு உண்டு.

எழுத்துக்காக மரம் செதுக்கப்பட்டது வேறொரு கதை. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ உலோக அச்செழுத்துகளால் ஆனது. ஆனால் நூறாண்டுக்குப் பின், 1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அந்தாம் தெ ப்ரோயென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி வெளிவந்தபோது, அதற்கான எழுத்துகளை மரத்தில் வெட்டியவர் இக்னேசியஸ் ஐச்சாமோனி. தாளில் நேராக விழவேண்டியது கட்டையில் இடம்வலம் மாறியிருக்க வேண்டும். ‘கொ’ என்பதை ஒரே கட்டையில் செதுக்கினால் கொம்பு வலப்பக்கமும் கால் இடப்பக்கமும் அமையும். அதைவிடக் கடினமானவை ண, ழ, ற போன்றவற்றின் வளைவுகள். மரத்தின் இழை ஒரு திசையில் ஓட, வளைவு அதைக் குறுக்கே கடக்கும் இடங்களில் மெல்லிய கோடு எளிதில் பிளந்துவிடும். வட்டெழுத்தின் வழிவந்ததோ என ஐயுறுமளவு வளைந்த இவ்வரிவடிவத்தை மரத்தில் வெட்டிய அந்தத் தொழிலாளரின் திறம், அகராதி ஆசிரியரின் புலமைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

இழை பற்றிய இந்தச் சிக்கலே இருவகை மரச்செதுக்கலுக்கும் அடிப்படை. மரத்தை நீளவாக்கில் அறுத்த பலகையில் கத்தியாலும் குழி உளியாலும் வெட்டுவது பழைய முறை. அதில் கோடு தடித்தும், மரத்தின் ரேகை சிலபோது அச்சிலேயே தெரிந்தும் இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் தாமஸ் பியூயிக் பரவலாக்கிய மற்றொரு முறையில், அடிமரத்தைக் குறுக்கே அறுத்த முகப்பு பயன்படுத்தப்பட்டது. அங்கு இழைக்குத் திசை இல்லை. எனவே எழுத்தாணி போன்ற கூரிய எஃகுக் கருவியை எப்பக்கமும் செலுத்தி மயிரிழைக் கோடுகளை எடுக்கலாம். கட்டையின் உயரமும் அச்செழுத்தின் உயரமும் ஒன்றாக, ஏறத்தாழ 23 மில்லிமீட்டராக இருந்ததால், படத்தையும் எழுத்தையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே அழுத்தத்தில் அச்சிட முடிந்தது. மலிவான படப்புத்தகம் என்ற ஒன்று உருவானதற்கு இதுவே காரணம்.

இந்த இரண்டாவது முறைதான் சென்னையில் முதன்முதலாகப் பள்ளிப் பாடமானது. அறுவை மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கி, அந்தப் பத்தாண்டிலேயே அரசின் பொறுப்புக்கு வந்த கலைப்பள்ளியில், ஓவியம், மட்பாண்டம் ஆகியவற்றோடு மரச்செதுக்கலும் கற்பிக்கப்பட்டது. இதற்கு உகந்த பாக்ஸ் மரம் இங்கு விளைவதில்லை. ஆகவே சந்தனமும் கார்டினியா இனத்து மரங்களும் மாற்றாகப் பேசப்பட்டன. மாணவர் கற்றது பிறர் வரைந்த படத்தைப் பிழையின்றி வெட்டும் கைத்திறமே. வரைபவர் ஒருவர், வெட்டுபவர் மற்றொருவர், அச்சிடுபவர் மூன்றாமவர் என்ற பிரிவினை அப்பயிற்சிக்குள்ளேயே பொதிந்திருந்தது. பள்ளி அமைந்தது பூந்தமல்லி நெடுஞ்சாலையில்.

அச்சகம் வைத்துக்கொள்ள இந்தியர்க்கிருந்த தடைகள் 1835இல் நீங்கியதால் பெருகிய தமிழ் அச்சகங்கள் இக்கலையைத் தம் போக்கில் எடுத்துக்கொண்டன. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகங்களின் ‘பெரிய எழுத்து’ வரிசைக் கதைப் புத்தகங்களிலும், சென்னைக் குஜிலிக் கடைத்தெருப் பாட்டுப் புத்தகங்களின் முகப்புகளிலும் காணும் படங்கள் நுண்கோட்டு மரபைச் சேர்ந்தவை அல்ல. தடித்த புறக்கோடு, நேர் நோக்கும் முகம், இடைவெளியின்றி நிரப்பிய ஆடையணி என அவை தமக்கென ஒரு நடையைக் கொண்டவை. கலைப்பள்ளியின் ஒழுங்கான வேலைகளைக் காட்டிலும் இவற்றிலேயே உயிர் மிகுதி என்று துணிந்து சொல்லலாம்.

ஒளிப்படத்தைப் புள்ளிகளாக்கி உலோகத் தகட்டில் ஏற்றும் முறை 20ஆம் நூற்றாண்டில் பரவியதும் மரச்செதுக்காளரின் தேவை குறைந்தது. தமிழ்ப் பத்திரிகையுலகில் ‘பிளாக்’ என்ற சொல் நிலைத்தது, மரம் போய்விட்டது. கலைப்பள்ளியிலும் அதன் பொறுப்பை ஏற்றிருந்த சாட்டர்டனின் காலத்தில் அலுமினியப் பாத்திரத் தொழிலே பேசப்பட்டது.

மரக்கட்டையை ஓவியர்கள் மீட்டெடுத்தது இதன் பிறகே. சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் 1930இல் தண்டி யாத்திரையின் காந்தியை மென்மையான லினோலியத்தில் வெட்டிப் பதித்த படம், கறுப்பும் வெள்ளையும் மட்டுமே கொண்டு எவ்வளவு சொல்லலாம் என்பதை நாட்டுக்குக் காட்டியது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி (1929 முதல்), கே.சி.எஸ். பணிக்கர் (1957 முதல்) ஆகியோரின் தலைமையில் தொழிற்பயிற்சியிடமாக இருந்த சென்னைப் பள்ளி நவீன ஓவியத்தின் களமாயிற்று. அங்கு பயின்ற ஆர்.பி. பாஸ்கரன், ஆர்.எம். பழனியப்பன் போன்றோர் அச்சோவியத்துக்குத் தனி மதிப்புத் தேடித்தந்தனர். பழனியப்பனின் வேலை பெரிதும் கல்லச்சையும் உலோகத் தகட்டையும் சார்ந்தது எனினும், பதிவுப் படம் நகலன்று, மூலமே என்ற எண்ணத்தை நிறுவியதில் அவர்க்கும் பங்குண்டு.

ஆகவே இன்று தொடங்கும் மாணவர் வரைபவர், வெட்டுபவர், அச்சிடுபவர் என்ற பழைய மூவரின் வேலையையும் ஒருவராகவே செய்கிறார். நீளவாக்குப் பலகை அல்லது பிளைவுட்டில் படத்தை இடம்வலம் மாற்றி வரைந்து, கோட்டின் இருபுறமும் கத்தியால் கீறிய பின்னரே குழி உளியை எடுக்க வேண்டும். கருவியின் பாதைக்கு முன்னால் மற்றக் கை இருக்கலாகாது. ரோலரில் மையை மெல்லிய படலமாக ஏற்றாவிட்டால் பள்ளங்கள் அடைபட்டு உருவம் மங்கும். அச்சுப் பொறி இல்லாதவர் தாளின் பின்புறத்தைக் கரண்டியின் முதுகால் சீராகத் தேய்த்தே பதிவு எடுக்கலாம். பல வண்ணங்களுக்குத் தனித்தனிக் கட்டை வெட்டும்போது, எல்லாவற்றிலும் தாள் ஒரே இடத்தில் அமர, மூலையில் அடையாளம் செதுக்கும் ஜப்பானிய முறை கைகொடுக்கும். வெட்டுவதைவிட மையும் அழுத்தமும்தான் தேர்ச்சிக்கு நாள் பிடிப்பவை. பழைய செதுக்காளர் அச்சகத்தாரிடம் விட்டுவிட்ட பாதியும் அதுதான்.

அந்தக் கலைப்பள்ளி சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியாக இன்றும் அதே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இயங்குகிறது. கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தில் அச்சோவியப் பட்டறை இருக்கிறது. பழைய பெரிய எழுத்துப் புத்தகங்களையோ அச்சகக் கட்டைகளையோ வைத்திருக்கும் குடும்பங்கள் அவற்றை விறகாகவோ எடைக்கோ போடாமல், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குக் காட்ட வேண்டும்.