சிறுவர் ஏடிவி: பேட்டரி மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

பிள்ளைகள் ஓட்டும் சிறிய ஏடிவி வண்டியில் ஸ்டார்ட்டரை அழுத்தினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறதா? உடனே புதிய பேட்டரி வாங்க வேண்டாம். சார்ஜ் ஏற்றும் பகுதி பழுதாகியிருந்தால் புதியதும் விரைவில் இறங்கிவிடும், பணம்தான் வீண்.

பெட்ரோலில் ஓடும் இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரியே இருக்கும். மல்டிமீட்டரால் இருமுறை அளந்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

முதலாவது, வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து. சுமார் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்துள்ளது. 12க்கும் கீழே என்றால் சார்ஜரில் ஏற்றுங்கள். ஏற்றியும் நிற்காவிட்டால் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான்.

இரண்டாவது, வெட்டவெளியில் பிரேக் போட்டு, இயந்திரம் ஓடும்போது. முறுக்கியைச் சற்றே கூட்டினால் அளவு 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் முனைகளில் படிந்த துரு, தளர்ந்த வயர், ஃபியூஸ் ஆகியவற்றைப் பாருங்கள். அவை சரியென்றால் ஸ்டேட்டர் அல்லது ரெக்டிபையரை மோட்டார் பட்டறையில் சோதிக்கச் சொல்லுங்கள். 15ஐத் தாண்டினால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் பழுது; ஓட்டாதீர்கள்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளியேறலாம். காற்றோட்டமான இடத்தில், நெருப்பும் பிள்ளைகளும் அருகில் இல்லாதபடி வைத்து ஏற்றுங்கள். பள்ளி விடுமுறையில் மட்டும் ஓடும் வண்டிக்கு மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும்.